கீச்சிடும் கார் பிரேக்: காதால் கண்டுபிடித்து, கையால் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

சிக்னலில் நிற்கப்போகும் கடைசிப் பத்தடியில் 'கீஈஈச்' என்று ஒரு சத்தம். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிறார். பட்டறைக்குப் போனால், பல இடங்களில் சக்கரத்தைக் கழற்றும் முன்பே "பேடு மாத்திடலாம் சார்" என்பார்கள். மாற்றியாகிவிடும். பத்து நாளில் புதுப் பேடோடு அதே சத்தம். சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டான டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டைதான் பேடு. அது தேய்வது பல காரணங்களில் ஒன்றுதான். காய்ந்துபோன காலிப்பர் பின் (பேடை அழுத்தும் கிடுக்கிதான் காலிப்பர், அது நகர்வதற்கான கம்பிதான் பின்), கழன்று கிடக்கும் ஷிம் தகடு, டிஸ்க்கில் பட்ட ஆயில், பின் சக்கர டிரம்முக்குள் சேர்ந்த மண் என்று வேறு எதுவாக இருந்தாலும் புதுப் பேடு அதைத் தீர்க்காது. சத்தம் எப்போது வருகிறது, எந்தச் சக்கரத்தில் வருகிறது என்று தெரியும்வரை ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டாம்.

சத்தம் பிறக்கும் இடம்

கரும்பலகையில் சாக்பீஸை நட்டமாகப் பிடித்து இழுத்தால் கீச்சிடும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். பிரேக்கிலும் இதே கதைதான். பேடு டிஸ்க்கை ஒரே சீராக உரசுவதில்லை. ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கும்போது கிளம்பும் அதிர்வை, வட்டமான வார்ப்பிரும்பு டிஸ்க் சேகண்டி மாதிரி பெருக்கி ஒலிக்கிறது. அந்த அதிர்வைத் தணிக்கத்தான் பேடின் முதுகில் மெல்லிய ஷிம் தகடு வைத்திருக்கிறார்கள். பேடு ஆடாமல் இருக்கக் கிளிப், காலிப்பர் தடையில்லாமல் நகரப் பின்னில் கிரீஸ். இந்த மூன்றில் ஒன்று கெட்டாலும் பேடில் முக்கால்வாசி மிச்சமிருக்கும்போதே வண்டி கத்த ஆரம்பிக்கும்.

முதலில் காதைத் தீட்டுங்கள்

காலையில் வண்டியை எடுத்ததும் நாலைந்து தடவை கீச்சிட்டு, தெருமுனை தாண்டியதும் நின்றுவிடுகிறதா? அது துரு. சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடற்கரைப் பக்கங்களில் உப்புக்காற்றும், ஐப்பசி கார்த்திகையில் மழை ஈரமும் சேர்ந்து ஒரே ராத்திரியில் டிஸ்க்கில் காவி நிறத்தில் படலம் போட்டுவிடும். சில தடவை பிரேக் பிடித்தால் பேடே அதைச் சுரண்டிவிடும். இதற்காகப் பணம் செலவழிக்காதீர்கள்.

பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதே மெல்லிய கீச் கேட்டு, மிதித்தால் அது மாறினாலோ நின்றாலோ, பேடில் இருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுகிறது என்று பொருள். பேடு 2, 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் தொடும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்ட சின்னத் தகடு அது. பேடு மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பேடிலும் இந்தத் தகடு இருக்காது. 'சத்தமே இல்லையே, பேடு நன்றாகத்தான் இருக்கும்' என்று நம்பிவிடாதீர்கள்.

கீச்சைத் தாண்டிக் 'கறகற' என்று இரும்போடு இரும்பு அரைத்தால் பேடின் உராய்வுப் பொருள் முழுக்கப் போய்விட்டது. அதோடு வண்டி ஓட்டாதீர்கள். டிஸ்க்கும் சேர்ந்து பாழாகும், பிரேக்கும் பிடிக்காது. மிதி மெத்தென்று இறங்கினாலும், வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், பிரேக் ஆயில் மட்டம் திடீரென்று குறைந்திருந்தாலும் அப்படியே. அங்கே வீட்டு வைத்தியம் கிடையாது.

சக்கரம் சுற்றச் சுற்றக் 'கிரீச்' என்று விடாமல் கேட்டால், டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கவசத்துக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு சிறு கல் சிக்கியிருக்கலாம். மெட்ரோ மாதிரி வேலைகளுக்காகத் தோண்டிப் போட்ட சாலைகளில் தினமும் போகிறவர்களுக்கு இது சகஜம். ரிவர்ஸில் பத்தடி போய்வந்தாலே சில சமயம் கல் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, தகரத்தை விரலால் லேசாக வளைத்துத் தட்டிவிட வேண்டும்.

ஏற்காடோ ஊட்டியோ போய் வந்த பிறகு ஆரம்பித்த சத்தம் என்றால், இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே வந்ததால் பேடின் முகம் சூட்டில் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். 'கிளேஸ்' ஆகிவிட்டது என்பது இதைத்தான்.

வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளே தொடங்கிய சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டியைக் கழுவி முடித்ததும் அடிப்பாகம் பளபளக்க ஆயிலோ டீசலோ ஸ்பிரே அடிக்கும் பழக்கம் உண்டு. அந்தத் துளிகள் டிஸ்க்கிலும் பேடிலும் பட்டால் கீச்சும் வரும், பிடிப்பும் குறையும். வண்டியை விடும்போதே "அடியில் ஸ்பிரே வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். டயருக்குப் போடும் பாலிஷும் டிஸ்க்கில் தெறித்தால் இதே வேலையைச் செய்யும்.

பிரேக்கே இல்லாத சத்தங்களும் உண்டு. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கீச்சிட்டால் அது என்ஜின் பெல்ட். வேகம் கூடக் கூட 'ஊஊ' என்று ஏறி, வளைவில் மாறினால் வீல் பேரிங்.

கழற்றாமல் செய்யும் சோதனைகள்

ஆளில்லாத தெருவில், நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். சத்தம் சுவரில் மோதித் திரும்பிக் காதுக்கே வரும். மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். பிறகு திரும்பி வந்து மறுபக்கம் சுவர் இருக்கும்படி ஓட்டுங்கள். இடதா வலதா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முன்னா பின்னா என்று அறிய, 10 கி.மீ. வேகத்தில் கால் பிரேக்கைத் தொடாமல், ஹேண்ட்பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். அப்போது கீச்சினால் கோளாறு பின்னால். இதைக் காய்ந்த, நேரான சாலையில் மட்டும் செய்யுங்கள். லீவருக்குப் பதில் சுவிட்ச் இருக்கும் எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் வண்டியில் செய்யவே வேண்டாம்.

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன் இரண்டில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சத்தத்தோடு மைலேஜும் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் போக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

ஜாக்கி, ஒரு ஜோடி ஸ்டாண்டு, வீல் ஸ்பேனர், 12, 14, 17 மி.மீ. ரிங் ஸ்பேனர்கள், காலிப்பருக்குள் பேடை அழுத்தும் பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ள ஒரு ஜி கிளாம்ப், கம்பி பிரஷ், 120 நம்பர் உப்புத்தாள், பிரேக் கிளீனர் ஸ்பிரே, காலிப்பர் பின்னுக்கான சிலிக்கோன் கிரீஸ், பேடு முதுகுக்கான அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ், காலிப்பரைக் கட்டித் தொங்கவிட ஒரு கட்டுக்கம்பி. குறித்த அளவுக்கு மட்டும் முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது.

பின்னுக்குச் சாதாரண வீல் பேரிங் கிரீஸ் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பெட்ரோலியத்தில் செய்த கிரீஸ் பட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் ஊதிப் பெருத்து, பின்னையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நாளடைவில் முன்பைவிட மோசமாகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துருவை இளக்கும் ஸ்பிரே எதையும் பிரேக் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. பழைய, பெயர் தெரியாத பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்க வாய்ப்புண்டு. மூக்கில் மாஸ்க், பிரேக் கிளீனரால் நனைத்துத் துணியால் துடைப்பது, அவ்வளவுதான்.

முன் சக்கரம்: டிஸ்க் பிரேக்

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் டைல் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் ஒரு கெட்டிப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்டு வைக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான், அடியில் வேலை செய்ய அல்ல.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். கிளிப் எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கம் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்வதும் உத்தமம்.

காலிப்பரின் பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு போல்ட்டுகள் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினால் காலிப்பர் மேல்நோக்கிக் கதவு மாதிரி திறக்கும். முழுக்கக் கழற்றினால் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ரப்பர் ஹோஸில் அதன் பாரம் விழக் கூடாது. ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாது.

இப்போது பேடுகளைப் பாருங்கள். நோயின் முழுச் சரித்திரமும் இங்கேதான் எழுதியிருக்கும். புதுப் பேடின் உராய்வுப் பொருள் சுமார் 10 மி.மீ. கனம். 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். இரும்புத் தகட்டைச் சேர்த்து அளந்து ஏமாறாதீர்கள். உள்பேடு நிறையத் தேய்ந்து வெளிப்பேடு கனமாகவே இருந்தால், காலிப்பர் பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் திரும்பி வரவில்லை. ஒரே பேடின் ஒரு முனை தேய்ந்து மறுமுனை தடிமனாக இருந்தால், இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இறுகியிருக்கும் வாய்ப்பு அதிகம். முகம் கண்ணாடி போலப் பளபளத்தால் கிளேஸ். கருத்து ஈரமாக, ஆயில் வாடை அடித்தால் அந்தப் பேடைக் கழுவியோ தீயில் காட்டியோ மீட்க முடியாது. தூக்கிப் போட்டுவிட்டு ஆயில் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்.

அடுத்தது பின்கள். ஒவ்வொன்றையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போய்வர வேண்டும். அழுத்தித் தள்ள வேண்டியிருந்தாலோ வரவே மறுத்தாலோ, பெரும்பாலும் திருடன் பிடிபட்டுவிட்டான். வெளியே இழுத்துப் பார்த்தால் பழைய கிரீஸ் பழுப்பு நிறக் களிம்பாக, சில சமயம் மண் கலந்து, ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இது அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு என்ஜினைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பின்னுக்குள் புகுந்த சேறு சத்தமில்லாமல் இருந்து பிறகுதான் வேலையைக் காட்டும்.

பின்னைத் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, துளையையும் பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, சிலிக்கோன் கிரீஸை மெல்லப் பூசுங்கள். அள்ளி அப்பினால் துளைக்குள் அடைபட்ட காற்று பின்னை வெளியே தள்ளும். துரு பின்னை அரித்துக் குழி விழுந்திருந்தாலோ, ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ பின்னும் ரப்பரும் சேர்ந்த கிட்டை மாற்றுங்கள். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் பல வண்டிகளில் ஒன்றுபோல இருக்காது. ஒன்றின் முனையில் ரப்பர் வளையம் இருக்கும். இடம் மாற்றிப் பூட்டிவிடாதீர்கள்.

பேடு உட்காரும் பிராக்கெட்டில் மேலும் கீழும் உள்ள ஸ்டீல் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் படிந்த துருவைக் கம்பி பிரஷால் தேயுங்கள். துரு கிளிப்பைத் தூக்கிவிட்டால் பேடு இறுகி நின்று டிஸ்க்கைச் சதா உரசும். கிளிப் தளர்ந்தால் பேடு ஆடிக் கீச்சிடும். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றுதான்: சுத்தம், தேவைப்பட்டால் புதுக் கிளிப்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, அதன் விளிம்பிலோ நடுவிலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றுவதே வழி. நகம் சிக்கும் அளவுக்குக் கோடுகள் இருந்தும் கனம் போதுமானதாக இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து மெல்லிசாகக் கடைந்துகொள்ளலாம். வெளி விளிம்பில் வரம்பு கட்டியிருந்தால் புதுப் பேடு அதில் இடித்துச் சத்தம் போடும். அதையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சுத்தமான டிஸ்க் என்றால் 120 நம்பர் தாளால் வட்டமாகவும் குறுக்காகவும் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்தால் போதும்.

பழைய பேடு 5 மி.மீ.க்கு மேல் இருந்து முகம் லேசாகக் கிளேஸ் ஆகியிருந்தால், சமமான சிமென்ட் தரையில் உப்புத்தாளைப் பரப்பி, பேடை அதன்மேல் எட்டு வடிவில் தேயுங்கள். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் வரட்டும். பேடின் முன், பின் விளிம்புகள் கூராக இருந்தால் அரத்தால் 2, 3 மி.மீ. சரிவாக இழைத்துவிடுங்கள். சாக்பீஸைச் சாய்த்துப் பிடிக்கும் அதே கணக்கு.

திருப்பிப் பூட்டும்போது வெப்பம் தாங்கும் கிரீஸை ஷிம்முக்கும் பேடு முதுகுக்கும் நடுவிலும், பேடின் காதுகள் கிளிப்பில் உட்காரும் இடத்திலும் மட்டும், கடுகளவு தடவுங்கள். உராய்வுப் பரப்பில் ஒரு துளி பட்டாலும் வேலை கெட்டது.

புதுப் பேடு என்றால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து ஜி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்துங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். பொங்கி வழிந்தால் பெயின்ட்டை அரித்துவிடும், முன்கூட்டியே சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள பல வண்டிகளில் பின்பக்கப் பிஸ்டனைச் சுற்றித்தான் உள்ளே செலுத்த முடியும், அழுத்தினால் உடையும். எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் இருந்தால் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போடாமல் பின்பக்கத்தைத் தொடாதீர்கள்.

நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். சிறிய கார்களில் வீல் நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான எண் இருக்கும். காலிப்பர் பின் போல்ட்டு மிகக் குறைவு, 25 முதல் 35 வாக்கில். வீல் நட்டு மாதிரி ஏறி மிதித்தால் மரை போய்விடும்.

இதை மறந்தவர்கள்தான் எதிர் வீட்டுக் கேட்டில் போய் நிற்பார்கள்: வண்டியை நகர்த்தும் முன் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தி, மிதி கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி அடிவரை போகும், ஏனென்றால் பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது.

பின் சக்கரம்: டிரம்

நம் ஊரின் சிறிய கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அதாவது ஷூ என்ற வளைந்த கட்டைகள் உள்ளிருந்து விரிந்து அழுத்தும் உருளை. டிரம்மில் சத்தம் என்றால் பெரும்பாலும், உள்ளே சேர்ந்த லைனிங் தூசி அல்லது ஷூ உரசும் இடங்கள் காய்ந்துபோனது.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்த பிறகே டிரம்மைக் கழற்ற முடியும். வரமறுத்தால் சுத்தியல் வேண்டாம். டிரம்மின் முகத்தில் இரண்டு மரைத் துளைகள் இருந்தால், அதில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாறி மாறி முடுக்குங்கள், தானாக வெளியே வரும். சில வண்டிகளில் டிரம்மும் பேரிங்கும் ஒரே துண்டாக, நடுவில் பெரிய நட்டோடு இருக்கும். அது பட்டறை வேலை.

உள்ளே தூசியை நனைத்துத் துடையுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் சிலிண்டர் கசிகிறது. சிலிண்டரை மாற்றுங்கள், ஆயில் குடித்த ஷூக்களையும் சேர்த்து. கசிவு இல்லையென்றால், ஷூவின் விளிம்பு பின்தகட்டில் உரசும் இடங்களைப் பாருங்கள், பொதுவாக ஒரு ஷூவுக்கு மூன்று. அங்கே இரும்பு பளபளவென்று தேய்ந்திருக்கும். ஷூவை ஸ்குரூ டிரைவரால் சற்றே விலக்கி அந்த ஆறு புள்ளிகளிலும் கிரீஸைக் கடுகளவு வையுங்கள். 'கிறீச் கிறீச்' என்ற பழைய கதவுச் சத்தம் இதோடு அடங்கும்.

மழை அறிவிப்பு வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறவர்கள் கவனிக்க: ஈரத்தோடு ஹேண்ட்பிரேக் இழுத்து நாலு நாள் விட்டால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பாலம் சரிவு என்பதால் அங்கே வேறு வழியில்லை, கியரும் கல்லும் கூடவே இருக்கட்டும். வீட்டில் சமதளத்தில் நிறுத்தும்போது கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடலாம்.

பேடு வாங்கும்போது

சென்னையில் இருந்துகொண்டு நல்ல பேடு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், அம்பத்தூரில் ரானேயின் பிரேக் லைனிங் ஆலையும் என்று பிரேக் செய்யும் ஊரே இது. ஜி.பி. ரோட்டில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வண்டியின் மாடல், ஆண்டு, என்ஜின் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள், பழைய பேடைக் கையோடு கொண்டுபோங்கள். ஷிம்மும் கிளிப்பும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று அங்கேயே பிரித்துப் பாருங்கள். மலிவான செட்டுகளில் இவை இருக்காது, சத்தம் அங்கேதான் பிறக்கிறது. பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் கதவும் பம்பரும் வாங்குவது சாமர்த்தியம். பழைய பேடு வாங்குவது அல்ல. உலோகத்தூள் அதிகமுள்ள பேடு சூட்டைத் தாங்கும், ஆனால் கொஞ்சம் கத்தும். நகரத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு செராமிக் ரகம் அமைதியானது. எதை வாங்கினாலும் இடதும் வலதும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

பிரேக் ஆயிலையும் கவனியுங்கள். கீச்சுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பில்லை, ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. புதிய டாட் 4 ரகப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

புதுப் பேடைப் படியவைத்தல்

பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் கட்டம் இது. புதுப் பேடு, டிஸ்க்கின் முகத்தில் ஒரு மெல்லிய படலமாகத் தன்னைச் சீராகப் பதித்துக்கொள்ள வேண்டும். ஞாயிறு விடிகாலை, பின்னால் வண்டி இல்லாத நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்துக்குப் போய், மிதமான அழுத்தத்தில் 10 கி.மீ. வரை குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். அரை நிமிடம் ஓடவிட்டு மறுபடி. எட்டிலிருந்து பத்து தடவை. பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு வந்து சிக்னலில் அழுத்திப் பிடித்து நின்றால் பேடு ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மிதி நடுங்கும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் அடிப்பதும் கூடாது.

முதல் 200 கி.மீ. வரை அவ்வப்போது லேசான கீச் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் அதே சக்கரத்தில் அதே சத்தம் என்றால் பேடை மறுபடி மாற்றாமல், அந்தக் காலிப்பரின் பின்னையும் பிஸ்டனையும் திறந்து பாருங்கள். எப்படியானாலும் 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.